கூலன்ட் தானாகக் குறையாது: பழைய காரில் ஒழுகலைத் தேடிப் பிடிப்பது எப்படி

"வெயில் காலம்னா ரேடியேட்டர்ல தண்ணி குறையத்தான் செய்யும், வாரம் ஒரு தடவை ஊத்திக்கிட்டா போதும்." பழைய மாருதி 800, ஜென், முதல் தலைமுறை சான்ட்ரோ வைத்திருப்பவர்களில் பலர் இதை நம்பி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் எப்போதும் கிடக்கும். பல நல்ல இன்ஜின்கள் இந்த நம்பிக்கையால்தான் கெட்டிருக்கின்றன.

கூலன்ட் என்ற திரவத்தை ஓடவிட்டு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலிங் சிஸ்டம் ஒரு மூடிய சுற்று. பெட்ரோல் மாதிரி அதில் எதுவும் செலவாவதில்லை. ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் நீண்ட நாளில் கொஞ்சம் ஆவியாகலாம், அது உண்மை. ஆனால் வாரத்துக்கு அரை லிட்டர் ஆவியாகாது. அந்த அளவு குறைகிறது என்றால் எங்கேயோ வெளியே போகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்கு உள்ளேயே போகிறது. எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது.

அந்தத் திரவத்துக்கு என்ன வேலை

பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காரை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மீதி இன்ஜினின் உலோகத்தில் தங்குகிறது. அதை உடனுக்குடன் வெளியே எடுத்துப் போடாவிட்டால் சில நிமிடங்களில் இன்ஜின் கெட்டுவிடும்.

அதை எடுத்துப் போடுவதுதான் கூலன்ட். தண்ணீரும் எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் துருத் தடுப்பானும் சேர்ந்த கலவை அது. சிறிய கார்களில் மொத்தமே 4 லிட்டர் அளவுதான் இருக்கும். வாட்டர் பம்ப் அதை இன்ஜினுக்குள் தள்ளுகிறது. (நம்மூர் மெக்கானிக்குகள் இதை வாட்டர் பாடி என்றும் சொல்வார்கள்.) கூலன்ட் பெட்ரோல் எரியும் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, அவற்றை மேலிருந்து மூடும் ஹெட்டுக்குள் ஏறி, சூடாகி வெளியே வருகிறது. வரும் வழியில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெழுகு 82 முதல் 88 டிகிரி வாக்கில் உருகி விரியும்போது வால்வு திறக்கும். அதன்பிறகு கூலன்ட் ரேடியேட்டருக்குள் போய், மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி பம்புக்குத் திரும்புகிறது.

இது வரைக்கும் பலருக்குத் தெரியும். அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது அடுத்த விஷயம்: இந்தச் சுற்று முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது.

இது ஒரு குக்கர்

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அதற்கு மேல் அதன் சூடு ஏறாது. குக்கரில் மூடியைப் போட்டு வெயிட்டை வைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், அவ்வளவுதான்.

ரேடியேட்டர் மூடி செய்வதும் இதே வேலை. அது வெறும் மூடி இல்லை. அதற்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதலாகத் தாங்கிப் பிடிக்கும் என்பதுதான் அந்த எண். 0.9 மூடியில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

அழுத்தம் அந்த எண்ணைத் தாண்டினால் வால்வு திறந்து, கொஞ்சம் கூலன்டைப் பக்கத்து பாட்டிலுக்கு அனுப்பும். மூடியில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது உள்ளே இருக்கும் திரவம் சுருங்கும், வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்தக் குட்டி வால்வு திறந்து, பாட்டிலுக்குப் போனதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சில கார்களில் மூடி ரேடியேட்டரில் இல்லாமல் பாட்டிலிலேயே இருக்கும். அந்த பாட்டிலும் அழுத்தத்தில்தான் இருக்கும்.

வெயிட் இறங்காமல் குக்கரைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், 100 டிகிரிக்கு மேலே இருந்த திரவம் அப்படியே கொதித்து முகத்தில் பீச்சி அடிக்கும். இதில் முகமும் கையும் வெந்துபோனவர்கள் உண்டு. ரேடியேட்டரின் மேல்பக்கம் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு ஆறும்வரை, முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி, காத்திருங்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது. கூலன்ட் மூடிய சுற்றில், அழுத்தத்தோடு ஓடுகிறது. அந்த அழுத்தம்தான் அதைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது.

சின்ன ஒழுகலுக்கு ஏன் இவ்வளவு கவலை

ஒழுகல் என்றால் கூலன்ட் மட்டும் போவதில்லை, அழுத்தமும் போகிறது. அழுத்தம் போனால் கொதிநிலை இறங்கும். மதுரையிலிருந்து திருச்சிக்கு மே மாத மதியத்தில் ஏசி போட்டுக்கொண்டு போகும்போது ஹெட்டுக்குள் அங்கங்கே கூலன்ட் கொதித்து நீராவிக் குமிழ்கள் உண்டாகும். உலோகத்திலிருந்து வெப்பத்தை எடுப்பதில் நீராவி திரவத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த இடத்தில் உலோகம் இன்னும் சூடாகும், இன்னும் கொதிக்கும், இன்னும் வெளியே தள்ளும். சொட்டுச் சொட்டாக இருந்தது திடீரென்று ஓவர்ஹீட் ஆவது இப்படித்தான்.

பல பழைய கார்களில் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும். அளவு மீறினால் ஹெட் வளைந்துவிடும். வளைந்தால் இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் என்ற தகடு போகும். அதோடு ஒரு மூடியை மாற்றித் தீர்ந்திருக்க வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் திரவத்தில் மூழ்கியிருக்கும் சென்சாரை நம்பி இருக்கிறது. கூலன்ட் பெருமளவு போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், முள் கீழே இறங்கிவிடும். மேலே ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

முதலில், அது கூலன்ட்தானா?

வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். ஏசி ஓடினால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தண்ணீராகி, முன்சீட்டுக்கு நேர் கீழே, பெரும்பாலும் இடப்பக்கம் சொட்டும். சென்னை புழுக்கத்தில் அது நிறையவே சொட்டும். அந்தத் தண்ணீருக்கு நிறமும் மணமும் இருக்காது. விரலில் தேய்த்தால் வழுவழுப்பும் இருக்காது.

கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும், விரலில் வழுக்கும், லேசாக இனித்த வாடை வரும். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கார் என்றால் அந்தக் கறை துரு நிறத்தில் இருக்கும்.

அடுத்து அளவு. பலர் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு "ஃபுல்லா இருக்கு" என்று போய்விடுகிறார்கள். சுற்றில் எங்கேயாவது ஓட்டை இருந்தால், இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் பாட்டிலிலிருந்து கூலன்டை உறிஞ்சாமல் அந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டு வரும். அதனால் காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். திரவம் கழுத்து வரை இருக்க வேண்டும். அதை நிரப்பிவிட்டு, பாட்டிலில் மட்டம் இருக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் இரண்டையும் பாருங்கள். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

தேடுவதற்கு நேரம் முக்கியம்

வீட்டில் நிற்கும் ஆறிய காரில் அழுத்தம் கிடையாது. அழுத்தம் இல்லாதபோது பல ஒழுகல்கள் ஒழுகாது. "வொர்க்‌ஷாப்பில் காட்டினேன், ஒன்றும் இல்லை என்றார்கள்" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும்.

காலையில், ஆறிய நிலையில்: டார்ச் வெளிச்சத்தில் காய்ந்த கறைகளைத் தேடுங்கள். ரப்பர் ஹோஸ்கள் போய் மாட்டும் முனைகள், கிளிப்புகளின் அடிப்பக்கம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரம், தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடு. ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கிளிப்புக்குப் பக்கத்தில் வெடிப்பு தெரிந்தாலோ, சொதசொதவென்று உப்பியிருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. சில இணைப்புகள் குளிரில் மட்டுமே கசியும். ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் இரவில் இடைவெளி விட்டு, சூடானதும் அடைந்துகொள்ளும்.

இன்ஜின் ஓடி சூடான நிலையில்: பானெட்டைத் திறந்து, பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு கவனியுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் திடீரென்று சுற்றும், சில கார்களில் இன்ஜினை நிறுத்திய பிறகும் சுற்றும். சூடான உலோகத்தில் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். தரையில் ஒன்றும் இல்லை என்பதால் ஒழுகல் இல்லை என்று ஆகாது. இனித்த வாடையும் மெல்லிய ஆவியும் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது நிலையைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். நல்ல ஓட்டத்துக்குப் பிறகு இன்ஜினை நிறுத்தியதும் பம்ப் நின்றுவிடும், ஆனால் ஹெட்டில் தேங்கிய வெப்பம் கூலன்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய அடுத்த சில நிமிடங்களில் சூடும் அழுத்தமும் ஓடும்போது இருந்ததைவிட ஏறும். பத்து நிமிடம் கழித்து பானெட்டைத் திறந்து பாருங்கள். நாள் முழுக்க ஒளிந்திருந்த கசிவு பல நேரம் அப்போதுதான் தெரியும்.

வாட்டர் பம்ப்பைத் தனியாகப் பாருங்கள். சுற்றும் தண்டைச் சுற்றி உள்ளே ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியேற, பம்ப்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையிலிருந்து கோடாகக் கறை இறங்கியிருந்தால் பம்ப்பை மாற்றும் காலம் வந்துவிட்டது. துளையை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேரிங் நனைந்து பம்ப்பே இறுகிப்போகும்.

குக்கருக்கு வெளியிலிருந்து பிரஷர் ஏற்றுவது

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அளவுமானி வைத்த ஒரு கைப்பம்ப்பை மாட்டி, ஆறிய இன்ஜினிலேயே அழுத்தம் ஏற்றுவதுதான் இந்தச் சோதனை. ஓடும்போது இருக்கும் அழுத்தம் வந்துவிடும், ஆனால் சூடு இருக்காது, கை வைத்துத் தேடலாம். ரேடியேட்டர் கடைகளிலும் நல்ல வொர்க்‌ஷாப்களிலும் இந்தக் கருவி இருக்கும்.

மூடியில் அச்சிட்ட எண் வரைக்கும்தான் ஏற்ற வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றினால் நன்றாக இருக்கும் பழைய ரேடியேட்டரையும் பிளந்துவிடும். ஏற்றிவிட்டு 10, 15 நிமிடம் முள்ளைப் பாருங்கள். அசையாமல் நின்றால் சுற்று நன்றாக இருக்கிறது, சந்தேகம் மூடியின் மேல் திரும்ப வேண்டும். முள் இறங்கி, எங்கேயோ ஈரமும் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் விஷயம் உள்ளே இருக்கிறது.

மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம். குக்கர் வெயிட் சரியாக உட்காராவிட்டால் சோறு வேகாது. அதேபோல் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் காய்ந்தாலோ அழுத்தம் நிற்காது, கூலன்ட் பாட்டிலுக்குப் பொங்கி வழியும். குட்டி வால்வு அடைத்துக்கொண்டால், கார் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். பழைய கார் வாங்கியதும் மூடியைப் புதிதாக மாற்றிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். இருக்கும் பாகங்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. அதே எண்ணுள்ள மூடியாக இருக்கட்டும். அதிக எண் போட்டால் ஓவர்ஹீட் நிற்கும் என்பது தவறு, பலவீனமான அடுத்த இடம் பிய்த்துக்கொள்ளும்.

சுருக்கமாக: ஆறிய நிலை, சூடான நிலை, நிறுத்திய பிறகு என்று மூன்று முறை பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.

வெளியே ஒன்றும் தெரியாதபோது

உள்ளே என்றால் முக்கியமாக இரண்டு இடங்கள். ஒன்று ஹீட்டர் கோர், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர். நாம் ஹீட்டர் போடுவதே அபூர்வம் என்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவிருக்காது. அது ஒழுகினால் காருக்குள் இனித்த வாடை வரும், முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படலம் படியும், முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் மேட்டுக்கு அடியில் ஈரம் இருக்கும்.

இன்னொன்று ஹெட் கேஸ்கெட். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் சிலிண்டரில் எரியும் வாயு, கூலன்ட், ஆயில் மூன்றையும் பிரித்து வைக்கும் தகடு அது. பிளந்தால் எரியும் வாயு கூலன்டுக்குள் புகும், இன்ஜினை நிறுத்திய பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், சூடே ஏறாதபோது, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சந்தேகப்படுங்கள். காலையில் முதல் சில நொடி இன்ஜின் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் உதறுவது, சூடான பிறகும் சைலன்சரில் நிற்காமல் வெள்ளைப் புகை வருவது, ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது, இவையும் அடையாளங்கள். ஊட்டியில் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை வெறும் ஈரம்தான், சில நிமிடத்தில் நின்றுவிடும்.

உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். இந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

சரிசெய்வது

ஹோஸ் ஒன்று போயிருந்தால் மேல், கீழ் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயசுதான். கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள். மிகையாக முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும். பித்தளை, செம்பு ரேடியேட்டரை ஈயப்பற்று வைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் தொட்டி வெடித்தால் மாற்றுவதுதான் வழி. எம்-சீல் பூசுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டால் சுற்றும் காராக இருந்தால் பெல்ட்டையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள், பிரிக்கும் கூலி மிச்சம்.

ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது ஹெட் நேராக இருக்கிறதா என்று அளந்து, தேவையென்றால் ஃபேஸிங் செய்த பிறகே, அதாவது அடிப்பரப்பைச் சமமாகச் சீவிய பிறகே பூட்ட வேண்டும். போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், குறிப்பிட்ட வரிசையில் இறுக்க வேண்டும். இதை அவசரப்படாத மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இனி மஞ்சள் தூள். நெடுஞ்சாலையில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சள் தூள் போடும் பழக்கம் லாரி டிரைவர்களிடம் வெகுநாளாக உண்டு. அது வேலை செய்யும், பொய்யில்லை. துகள்கள் ஓட்டையில் போய் அடைந்துகொள்ளும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக் மருந்துகளில் பலவும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஆனால் அந்தத் துகள்களுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். நடுவழியில் உயிர் காக்கப் போட்டால் தவறில்லை. ஊர் வந்ததும் சுற்று முழுவதையும் கழுவி, உண்மையான ஓட்டையைச் சரிசெய்துவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் நம்மூரில் சகஜம். ஒழுகலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கெட்டுப்போயிருந்தால் புதியது போடுங்கள்.

திரும்ப நிரப்புவது

போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு சூட்டில் உள்சுவரில் காரையாகப் படிந்து வெப்பத்தை மறிக்கும். துருத் தடுப்பான் இல்லாத வெறும் தண்ணீர், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய இரும்பு வட்டுகளை உள்ளிருந்து அரிக்கும். கோர் பிளக் என்ற அந்த வட்டுகள் வார்ப்பின்போது மணல் எடுக்க விட்ட துளைகளை மூடியிருப்பவை. பழைய கார்களில் அவையும் ஒழுகும் இடங்கள்தான்.

அடர்த்தியான கூலன்ட் வாங்கினால் அதே அளவு டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். ரெடிமேட் கலவை என்றால் அப்படியே ஊற்றலாம், டப்பாவில் எழுதியிருக்கும். நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடுகிறது. காரின் கையேடு சொல்லும் வகையை வாங்கி, பழையதை முழுக்க வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, மெதுவாக ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை குமிழ்கள் வரும், மட்டம் இறங்கும், இன்னும் ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போடுங்கள். மூடி பாட்டிலில் இருக்கும் கார்களில் இந்த முறை மாறும், கையேட்டைப் பாருங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் இன்ஜினில் மட்டும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட்டோ பிளாக்கோ வெடிக்கலாம்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்ட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் தெருநாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போதும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மூடிபோட்ட கேனில் பிடித்து, பழைய இன்ஜின் ஆயில் சேகரிக்கும் வொர்க்‌ஷாப்பில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கேனில் கலக்காதீர்கள். தரையில் சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சவைத்து அள்ளிவிடுங்கள். அப்புறம் ஒரு வாரத்துக்குப் பழையபடி காலையில் ரேடியேட்டரையும் பாட்டிலின் டேப்பையும் பாருங்கள். காற்று முழுக்க வெளியேறும்போது முதல் ஓரிரு நாள் மட்டம் கொஞ்சம் இறங்கலாம். அதன்பிறகும் இறங்கினால் இன்னொரு இடம் பாக்கி இருக்கிறது, மறுபடி பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்.